அந்துவானேத் வீட்டுச் சுவரில் ஒரு மாமியார்

"அது யாரு படம்? மொதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க மதாம்!"

"என் வீட்டுச் சுவர்ல யாரு படம் தொங்குனா உங்களுக்கு என்ன முசியே? உங்க கடைக்கு வந்து எந்தத் துணி எங்க தொங்குதுன்னு நான் கேட்டனா?"

"துணியை யாரும் கும்புடுறதில்ல. எங்க வீட்டுக்கு மருமவளா வரப்போற பொண்ணோட உம்மா, உங்க வீட்டுல நின்னு படத்தைக் கும்புட்டிருக்கு. என் தங்கச்சி கண்ணால பாத்துட்டு வந்து நிக்கிது!"

"கதவைத் தட்டிட்டு வந்து பாக்கணும். அதான் மரியாதை!"

சண்டையின் முதல் பாதியை நான் கேட்கவில்லை. அடுப்பிலிருந்த குழம்பை இறக்கிவைத்துவிட்டு ஜன்னலுக்கு வருவதற்குள் குரல்கள் உச்சத்துக்குப் போயிருந்தன. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

எங்கள் சந்து, சைகோனில், இப்போது த்ருவோங் டின் என்று பெயர் வைத்திருக்கிற தெருவில், மாரியம்மன் கோவிலைத் தாண்டி உள்ளே திரும்பும். என் வீட்டுக்காரர் சேஷாசலம் கோவில் நிர்வாகத்தில் இருந்தார். அதனால் எங்களுக்கு அங்கே வீடு. எதிர்வரிசையில் ஒட்டினாற்போல இரண்டு வீடுகள். ஒன்றில் புதுச்சேரி அந்துவானேத், அடுத்ததில் காரைக்கால் மஸ்தான். எங்கள் ஜன்னலில் நின்றால் இரண்டு வாசலும் தெரியும். நானாக எதையும் தேடிப்போய்ப் பார்த்ததில்லை. ஜன்னல் அப்படி அமைந்துவிட்டது.

கத்திக்கொண்டிருந்தவர் அப்துல் குத்தூஸ். நாகூர்க்காரர், ஊரின் சீனர் பகுதியான சோலோனில் பெரிய துணிக்கடை. ஜமாஅத்தில் அவர் தொண்டையைக் கனைத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பக்கத்தில் அவருடைய தங்கை ஜெய்த்தூன் பீவி, துப்பட்டியால் முகத்துக்கு விசிறிக்கொண்டு நின்றாள். அவள் மகன் அமீர் அலிக்கும் மஸ்தானின் ஒரே மகள் அக்தர் பானுவுக்கும் பேசி முடித்து, நிக்காஹுக்கு நாள் குறிக்கத்தான் அன்றைக்கு வந்திருந்தார்கள். சொல்லாமல் வந்துவிட்டார்கள். மஸ்தானின் வியத்நாமிய மனைவி நஜ்முன்னிசாவை வீட்டில் காணோம். பக்கத்து வீட்டில் இருப்பாள் என்றார்கள். இரண்டு வீட்டுக்கும் கொல்லை ஒன்றுதான். ஜெய்த்தூன் பீவி கொல்லை வழியாகப் போய் எட்டிப் பார்த்தாள்.

அவள் பார்த்தது இதுதான். அந்துவானேத்தின் சாப்பாட்டு அறையில், சுவரில் ஒரு வியத்நாமியக் கிழவியின் படம். அதன் கீழே மேசைமேல் ஒரு கிண்ணம் சோறு, கொஞ்சம் மீன், ஒரு கோப்பைத் தேநீர். படத்துக்கு முன்னால் கையில் ஊதுபத்தியோடு குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தாள் நஜ்முன்னிசா.

அப்துல் குத்தூஸ் ஊதுபத்தியே ஆகாது என்கிற ஆளில்லை. தர்கா கந்தூரிக்குக் கட்டுக் கட்டாகக் கொளுத்துகிறவர்தான். ஆனால் அது வேறு, படத்துக்கு முன்னால் குனிவது வேறு. மார்க்கத்தில் அதற்கு இடமில்லை. அப்படிப்பட்ட தாயின் பெண்ணை வீட்டுக்கு எடுக்க முடியாது என்பதை அவர் இன்னும் வாயால் சொல்லவில்லை. சந்தில் நின்ற எல்லோருக்கும் அது காதில் விழுந்துவிட்டது.

இது நடந்தது ஐம்பத்தைந்தாம் வருஷம், மழைக்காலத்தில். சித்திரையில்தான் ஊருக்குள்ளேயே பீரங்கி வெடித்து, சோலோன் பக்கம் தெருத்தெருவாக எரிந்து அடங்கியிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். புதுச்சேரியும் காரைக்காலும் முந்தின வருஷமே இந்தியாவின் கைக்குப் போய்விட்டன. எங்கள் சந்தில் யார் எந்த நாட்டுக்காரர் என்று அவரவருக்கே நிச்சயமில்லை. அந்த மாதிரி நேரத்தில் ஜனங்கள் மதத்தையும் குடும்பப் பெருமையையும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். பிடித்துக்கொள்ள வேறு என்ன இருந்தது?

"மஸ்தான்! நீங்க சொல்லுங்க," என்றார் குத்தூஸ். "அந்தப் படத்துல உள்ளது உங்க மாமியாருன்னு தங்கச்சி சொல்லுது. மூஞ்சி அச்சா ஒட்டுதாம். நெசமா?"

மஸ்தான் சாக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வியாபாரத்தில் எதிராளி வாய் திறப்பதற்கு முன்பே பதில் வைத்திருக்கிற மனிதர். அன்றைக்கு, "குத்தூஸ் நானா... உள்ள போய்ப் பேசலாமே..." என்றார்.

"எந்த உள்ள? படம் தொங்குற உள்ளயா?"

அறைக்குள்ளே நஜ்முன்னிசா நின்றபடியே நின்றாள். ஊதுபத்தியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. புகை அவள் முகத்துக்கு நேரே போய்க்கொண்டிருந்தது.

"அவரு மாமியார் இல்ல," என்றாள் அந்துவானேத். "என் மாமியார்."

இங்கே கொஞ்சம் நிறுத்தி, இந்த வார்த்தையின் எடை என்ன என்று சொல்லிவிட வேண்டும்.

அந்துவானேத் குடும்பம், பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்று, பிரெஞ்சுக் குடும்பப்பெயரும் வாங்கிக்கொண்டு கோர்ட்டுக் கச்சேரி வேலைகளில் உட்கார்ந்த கத்தோலிக்கக் குடும்பம். கணவர் லூயி இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அவர் வம்சத்தில் ஏழு தலைமுறையாக வெளி ரத்தம் ஒரு சொட்டுக்கூடக் கலக்கவில்லை என்பதை, அந்துவானேத் வீட்டில் காப்பி குடித்த ஒவ்வொருவரும் காப்பி ஆறுவதற்குள் தெரிந்துகொண்டு விடுவோம். அவளுடைய மாமியார் புதுச்சேரி மாதா கோவிலில் எந்த வரிசையில் உட்கார்ந்தார் என்பதுகூட எனக்கு மனப்பாடம். வியத்நாமியப் பெண்களைக் கட்டிக்கொண்ட நம்மவர்களைப் பற்றிப் பேசும்போது அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணும். பக்கத்து வீட்டு அக்தர் பானுவின் சின்னக் கண்களைப் பார்த்து, "பாவம், நல்ல பொண்ணு, ஆனா கலப்பு" என்று என்னிடமே சொன்னவள்.

அவள்தான் இப்போது, பல்லுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி, தலையில் கறுப்புத் துணி கட்டிய நாட்டுப்புறக் கிழவி ஒருத்தியைச் சுட்டிக்காட்டி, என் புருஷனைப் பெற்றவள் என்றாள்.

குத்தூஸின் குரல் இறங்கியது. "உங்க... வீட்டுக்காரரோட அம்மாவா? நீங்க புதுச்சேரில பெரிய குடும்பம்னு..."

"ஊருக்கு ஆயிரம் சொல்லுவோம். பெத்தவ இவதான். சாகறப்ப என் வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினார், வருஷத்துக்கு ஒரு நாள் அவங்க முறைப்படி சோறு வெச்சு ஊதுபத்தி ஏத்தணும்னு. நான் ஏத்தினா பங்குச் சாமியார் என்னைப் பூசையில நன்மை வாங்க விடமாட்டார். முறையும் எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுல இந்த ஊர்ப் பொண்ணு இருக்கே, கொஞ்சம் ஏத்திக் குடும்மான்னு கேட்டேன். வந்தா. அவ செஞ்ச தப்பு, கூப்பிட்ட குரலுக்கு வந்ததுதான்."

"குனிஞ்சதைப் பாத்தேன் நானா," என்றாள் ஜெய்த்தூன் பீவி அண்ணனிடம், விடாமல்.

"மேசை கீழ இருக்கு. ஊதுபத்தி நடக் குனியாம, எகிறிக் குதிச்சா நடுவாங்க?"

குத்தூஸ் திரும்பிச் சந்தைப் பார்த்தார். வாசலுக்கு வாசல் ஆட்கள். "உங்களுக்கெல்லாம் இது தெரியுமா?"

எங்களுக்கு எல்லாம் தெரியும். அந்தக் கிழவியைத் தெரியாதவர் சந்தில் கிடையாது. சைகோனுக்கு வெளியே குச்சி என்கிற ஊர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸேறி, தோள்தடியில் இரண்டு கூடையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பூசணியும் அவரையும் கொண்டுவருவாள். மகள் வீட்டில் கொடுத்தது போக மிச்சத்தை எங்களிடம் விற்பாள். நஜ்முன்னிசாவுக்கு அவள் வைத்த பெயர் லான். மருமகனின் மார்க்கத்தில் இன்னொரு பெயர் வந்த பிறகும் சந்து முனையிலிருந்தே "லான்! லான்!" என்று கூப்பிட்டுக்கொண்டுதான் வருவாள். லூயி நெஞ்சுநோயில் கிடந்தபோது, பெரிய குடும்பத்து உறவெல்லாம் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலோடு விசாரித்துவிட்டுப் போனது. இந்தக் கிழவி கூடையை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போய், துப்பல் பாத்திரத்தைக் கழுவிவைத்து, அந்த மனிதனைத் துடைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளுக்கும் எங்களுக்கும் பொதுவாகப் பாஷையும் இல்லை.

ஐம்பத்திரண்டில், ஒரு மழைநாளில், அவள் கிராமத்தில் குண்டு விழுந்தது. யார் போட்டது என்று ஆளுக்கொரு கட்சி பேசினார்கள். குடிசைகள் எரிந்ததில் எந்தக் கட்சிக்கும் சந்தேகமில்லை. உடல் என்று ஒன்று கிடைக்கவில்லை. புதைத்த இடம் கிடையாது. அடையாள அட்டைக்காக எடுத்த படம் ஒன்று மகளிடம் இருந்தது. அதைப் பெரிதாக்கித் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தபோது, நஜ்முன்னிசாவுக்கு அதை மாட்ட ஒரு சுவர் இல்லை. தொழுகிற வீட்டில் உருவப்படம் இருந்தால் மலக்குகள் என்கிற வானவர்கள் வரமாட்டார்கள் என்று மஸ்தான் சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். கொல்லைப்புறத்தில் துண்டுப் பொட்டலத்தோடு அவள் நின்றதைப் பார்த்து, "சாமி படத்துக்கிட்ட மாட்ட விடமாட்டேன். சாப்பாட்டு ரூம்ல ஒரு ஆணி சும்மாதான் இருக்கு" என்றாள் அந்துவானேத். வேறு எதுவும் சொன்னதாக எனக்குத் தகவல் இல்லை.

அதிலிருந்து வருஷத்தில் ஒரு நாள் அந்தப் படத்தின் முன்னால் சோறு வைக்கப்படும். நம் வீடுகளில் திதி கொடுப்பது மாதிரிதான். மஸ்தான் அன்றைக்குக் காலையிலேயே கடைக்குப் போய்விடுவார். தெரிந்தால் தடுக்க வேண்டும் என்பதால் தெரியாமல் இருந்துகொண்டார்.

ஆக, குத்தூஸ் கேட்ட கேள்விக்குச் சந்து முழுவதிடமும் பதில் இருந்தது. நாங்கள் ஊர்வம்பில் பிறந்து வளர்ந்தவர்கள். வியாழக்கிழமை ஒரு வீட்டில் தட்டு உடைந்தால் வெள்ளிக்கிழமை கோவிலில் அதன் விலை தெரியும். அன்றைக்கு ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. கோவில் வாசலில் பூக்கட்டி விற்கும் தெய்வயானைதான் கடைசியில் கையிலிருந்த நாரைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்குத்தான் தெரியாதா பாய்? அது பழைய கதையாச்சே."

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

குத்தூஸ் கெட்டிக்காரர். துணியைத் தடவிப் பார்த்தே எந்த ஆலை என்று சொல்லிவிடுவார். அந்துவானேத்தையும் அப்படித்தான் ஏறஇறங்கப் பார்த்தார். இப்படிப்பட்ட பொம்பளை, இப்படி ஒரு அவமானத்தை, இத்தனை பேர் முன்னால், பொய்யாகவா தன் தலையில் கொட்டிக்கொள்வாள்? உண்மையில்லாமல் சொல்ல முடியாத பேச்சு இது. அவர் முகம் இளகியது. "மன்னிச்சுக்குங்க மதாம். தெரியாமப் பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டு, நஜ்முன்னிசாவைப் பார்க்காமல், "இனிமே இந்த வேலைக்கு வேற ஆளைக் கூப்பிடுங்க" என்றார்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து அடுத்த வாரம் நிக்காஹ் என்று அன்றைக்கே முடிவாயிற்று.

சாயங்காலம் நான் அந்துவானேத் வீட்டுக்கு மிளகாய் வாங்கப் போனேன். எங்கள் வீட்டில் மிளகாய் இருந்தது. அவள் அந்தச் சோற்றுக் கிண்ணத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொல்லைக் கதவருகே தரையில் நஜ்முன்னிசா.

"மதாம், படத்தை நான் எடுத்துட்டுப் போயி ஆத்துல விட்டுடுறேன்," என்றாள் நஜ்முன்னிசா. காரைக்கால் பேச்சை மாமியார் வீட்டுக்காரர்களிடமிருந்து கற்றுக்கொண்டவள். அழும்போது மட்டும் அவள் தமிழில் குச்சியின் இழுப்பு வந்துவிடும்.

"விட்டுட்டு? நாளைக்கு உன் சம்பந்தியம்மா மறுபடி கொல்லை வழியா வந்து, மாமியார் எங்கன்னு கேட்டா நான் என்ன, ஊருக்குப் போயிருக்காங்கன்னா சொல்றது? இருக்கட்டும் விடு."

நான் மெதுவாகச் சொன்னேன்: "பியேருக்கு ஏவ்லினைப் பேசி வெச்சிருக்கீங்களே மதாம்."

"தெரியும்."

"அவங்க காதுக்கு..."

"தெரியுங்கிறேன்ல. மிளகாய் அந்த டப்பாவுல இருக்கு, எடுத்துக்க."

பியேர் அவளுடைய ஒரே மகன். ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் எழுத்தர். ஏவ்லின், சுங்க இலாகாவில் பெரிய உத்தியோகத்திலிருந்த இக்னாஸின் மகள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கோவில் பாட்டுக்குழுவில் பார்த்து, பெரியவர்கள்தான் பேசி முடித்தார்கள் என்று நம்பும்படி பெரியவர்களைப் பேச வைத்தவர்கள். இக்னாஸ் அந்தச் சம்பந்தத்துக்குச் சம்மதித்ததே அந்த ஏழு தலைமுறைக்காகத்தான்.

செய்தி அவர் வீட்டுக்கு எப்படிப் போயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். நான் இல்லை. இந்த மாதிரிச் செய்திக்குத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டியதில்லை. அதற்கு முன்பே பங்குச் சாமியார் அந்துவானேத்தைக் கூப்பிட்டு, படம் இருக்கலாம், சோறும் ஊதுபத்தியும் கூடாது என்றார். ஜெபமாலை சபையில் அவள் உட்கார்ந்திருந்த தலைவி நாற்காலியில் அடுத்த ஞாயிறு வேறொருத்தி உட்கார்ந்தாள். அந்துவானேத் பின்வரிசையில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் போய் முழந்தாளிட்டாள் என்று கேள்விப்பட்டேன். தூண் பக்கம் யாரும் அவளுக்கு இடம்விட வேண்டிய அவசியம் இல்லை. அங்கே கூட்டமே கிடையாது.

இக்னாஸ் சம்பந்தம் வேண்டாம் என்றுவிட்டார். பிறகு ஒரு நாள், அவர் மனைவி மரி எங்கள் வீட்டுக்கே வந்தாள். அதற்கு முன்னால் எங்கள் வாசற்படியை மிதித்தவள் இல்லை. நான் காப்பி போட்டேன். அவள் ஓரமாக உறிஞ்சினாள்.

"நீங்க எதிர்வீடு. உங்களுக்குத் தெரியாம இருக்காது. அந்தப் படத்துல இருக்கிறது உண்மையிலேயே அந்துவானேத் மாமியார்தானா? சொல்லுங்க. என் பொண்ணு சாப்பிட மாட்டேங்கிறா. பொய்யின்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, நான் போயி அவரை எப்படியாவது சம்மதிக்க வெச்சிடுவேன்."

என் நாக்கின் நுனியில் குச்சி கிராமம், பூசணிக்காய், தோள்தடி எல்லாம் வந்து நின்றன. இதே நேரத்தில் எதிரே மஸ்தான் வீட்டில் நிக்காஹுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்தர் பானு வாசலுக்கு வந்து மூங்கிலை எண்ணுவதுபோல எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். யாருடைய பெண் சாப்பிட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல என்னை யாரும் நியமிக்கவில்லை.

"காப்பிக்குச் சர்க்கரை போதுமா?" என்றேன்.

மரி எழுந்து போய்விட்டாள்.

நிக்காஹ் நடந்தது. பிரியாணி நன்றாயிருந்தது என்று தெய்வயானை சொன்னாள். அவள் சாப்பிடமாட்டாள், வாசனையை வைத்துச் சொன்னாள். அதற்கு அப்புறம்தான் மஸ்தானுக்கு மனசு கேட்கவில்லை. தன் மகளுக்காக அடுத்த வீட்டுப் பிள்ளையின் கல்யாணம் நிற்கிறது. ஒரு மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு இக்னாஸின் வீட்டுக்குப் போனார். "அது என் மாமியாருங்க. அல்லாஹ் அறிய என் மாமியார். அந்தம்மா என் மவளுக்காகப் பொய் சொன்னாங்க" என்று கைகட்டிச் சொல்லியிருக்கிறார்.

இக்னாஸ் நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சிநேகத்துக்காகச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தார். குத்தூஸின் கணக்கும் அவர் கணக்கும் ஒன்றுதான்: இப்படி ஒரு பொய்யை எந்தப் பொம்பளையும் தன்மேல் போட்டுக்கொள்ள மாட்டாள். மஸ்தானுக்குச் சர்பத் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆனாலும் ஏவ்லினின் அழுகை நிற்காததால், கடைசியாக ஒருமுறை நேரிலேயே கேட்டுவிடலாம் என்று, அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மரியையும் கூட்டிக்கொண்டு அந்துவானேத் வீட்டுக்கு வந்தார்.

அன்றைக்கென்று மஸ்தான் வீட்டில் மறுவீட்டு விருந்து. புதுமாப்பிள்ளை, பெண், ஜெய்த்தூன் பீவி, குத்தூஸ் எல்லோரும் முன்கூடத்தில். இரண்டு வீட்டு ஜன்னலும் திறந்து கிடந்தன. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். நான் என் ஜன்னலில் இருந்தேன்.

சாப்பாட்டு அறையில் இக்னாஸ் நின்றுகொண்டே பேசினார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் கஷ்டம்.

"மதாம், நான் உங்களை அவமானப்படுத்த வரல. எம் பொண்ணுக்காக வந்திருக்கேன். இது உங்க மாமியார் இல்லன்னு ஒரு தடவை சொல்லுங்க, போதும். வாயால சொன்னா ஊரு நம்பாது." சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தை, இயேசு தொங்கும் சிலுவையை, இரண்டு கையாலும் எடுத்து மேசைமேல் வைத்தார். "இதைத் தொட்டுச் சொல்லுங்க. நானே கோவில்ல எல்லார்கிட்டயும் சொல்றேன். அடுத்த மாசம் பூசையில கல்யாண ஓலை வாசிச்சிடலாம்."

பொய்ச் சத்தியம் செய்யச் சொன்னால் அந்துவானேத் செத்தாலும் செய்யமாட்டாள். ஆனால் அவர் கேட்டது உண்மையைத்தானே? சுரூபத்தைத் தொட்டு, "இவள் என் மாமியார் இல்லை" என்று சொன்னால் அத்தனையும் சத்தியம். மகன் கல்யாணம் நடக்கும். சபை நாற்காலி திரும்பி வரும். ஏழு தலைமுறையும் திரும்பி வரும்.

மஸ்தான் வீட்டுக் கூடத்தில் பேச்சு நின்றிருந்தது. தட்டுச் சத்தம்கூட இல்லை. நஜ்முன்னிசா சோற்றுக் கரண்டியோடு நின்றாள். தன் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அந்தப் பக்கம்தான் அவள் அம்மா. அக்தர் பானு புது மாமியாருக்குப் பக்கத்தில், தலையில் முக்காட்டோடு, குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அந்துவானேத் சுரூபத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். கை நீண்டது. சுரூபத்தின் பாதத்தில் ஒட்டியிருந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு அதை எடுத்துப்போய்ப் பழைய ஆணியிலேயே மாட்டினாள்.

"சாமியை இறக்கி வெச்சுக் குடும்ப வழக்குப் பேசுறது எங்க வீட்டுப் பழக்கமில்ல முசியே," என்றாள். "ஏற்கெனவே கேட்டாங்க, ஏற்கெனவே சொல்லிட்டேன்."

மரி முகத்தைப் பொத்திக்கொண்டாள். இக்னாஸ் பியேர் பக்கம் திரும்பினார். அவன் கதவில் சாய்ந்து நின்றான். "தம்பி, நீயாவது சொல்லு. உன் பாட்டியைப் பத்தி உன் அப்பா உங்கிட்ட என்ன சொல்லியிருக்கார்?"

பியேருக்குத் தன் நிஜப் பாட்டியைத் தெரியாது. அவன் பிறக்குமுன்பே புதுச்சேரியில் இறந்துவிட்டாள். இந்தக் கிழவியைத் தெரியும். சின்ன வயதில் அவள் கூடையிலிருந்து கொய்யாப்பழம் திருடி, அவள் பார்த்துவிட்டு, இன்னொன்றையும் கொடுத்திருக்கிறாள். அப்பாவைத் துடைத்துவிட்டுப் போனதையும் பார்த்தவன். அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் கழுத்து நரம்பு துடித்ததை எதிர்வீட்டிலிருந்தே பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

"எங்க பாட்டிதான் முசியே," என்றான்.

இக்னாஸ் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வீட்டில் ஜெய்த்தூன் பீவி, "மீன் ஆறுது, பரிமாறும்மா" என்று சம்பந்தியிடம் சொன்னது கேட்டது. நஜ்முன்னிசா பரிமாறினாள்.

பியேர் அன்றைக்கு வெளியே போனவன் மறுநாள்தான் வந்தான். வந்தபிறகும் அம்மாவோடு பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே மேசையில், அந்தப் படத்துக்குக் கீழே, ஒன்றும் பேசாமல் சாப்பிட்டதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். அவளும் பேசச் சொல்லிக் கெஞ்சவில்லை. அவன் தட்டில் மட்டும் மீனின் நடுத்துண்டு இருக்கும்.

அடுத்த வருஷம் அவன் கம்பெனி சைகோனில் கடையைக் கட்டியது. மார்சேயில் அவனுக்கு வேலை கொடுத்தார்கள். அம்மாவுக்கும் சேர்த்துச் சீட்டு எடுத்தான். அப்போதும் சொல்லவில்லை, சீட்டை மேசைமேல் வைத்தான்.

கப்பலுக்கு முந்தின நாள், அந்துவானேத் படத்தைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்தாள். நான் அப்போது அங்கே துணி உலர்த்த உதவிக்கொண்டிருந்தேன், நஜ்முன்னிசாவின் துணியை.

"இந்தா. உங்கம்மா."

நஜ்முன்னிசா கையைத் துடைத்துக்கொண்டாள். வாங்கவில்லை. "எங்க மாட்டுவேன் மதாம்?"

"பெட்டிக்குள்ள வெச்சுக்க."

"பெட்டிக்குள்ளயா?" என்று அவள் கேட்டாள். "கப்பலடிக்கு அவங்க எல்லாரும் வருவாங்க, உங்களை வழியனுப்ப. சம்பந்தி நானாவும் வர்றாரு. மாமியார் படத்தை விட்டுட்டு யாராவது போவாங்களா? நீங்களே கொண்டு போங்க. அங்க ஆணி இருக்கும்" என்றாள்.

துண்டை விலக்கி ஒருமுறை பார்த்தாள். அம்மாவின் பாஷையில் என்னவோ சொன்னாள், நீளமாக. எனக்கு அந்தப் பாஷையில் சந்தைப் பேச்சுக்கு மேல் தெரியாது. அவள் சொன்னதில் விலை எதுவும் இல்லை. மூடிக் கொடுத்துவிட்டாள்.

"சோறு வெக்கிற நாள் எனக்கு ஞாபகம் இருக்கும்," என்றாள் அந்துவானேத். "சாமியார் அங்க வேற சாமியார்."

குத்தூஸ் இப்போது இல்லை. ஜெய்த்தூன் பீவியும் போய்ச் சேர்ந்தாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அக்தர் பானுவும் அமீர் அலியும் ஒற்றுமையாகத்தான் குடித்தனம் செய்தார்கள். சைகோனில் மறுபடி குண்டுச் சத்தம் அதிகமான வருஷத்தில் பிள்ளைகளோடு காரைக்காலுக்குப் போய்விட்டார்கள். மஸ்தான் மௌத்தானதும் நஜ்முன்னிசாவும் மகளிடம் போனாள். பிறந்த ஊர்ப்பக்கம் போய்ப் பார்க்கக்கூட வழியில்லை. அங்கே அப்போது யாராலும் போக முடியவில்லை. ஏவ்லினை ரெயுனியோன் தீவில் உத்தியோகத்திலிருந்த, மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அதுவும் பெரிய குடும்பம்தானாம்.

பியேர் கல்யாணத்தைப் பற்றி எனக்குச் சொன்னது சூசன். எங்கள் சந்துப் பெண்தான், மார்சேயில் வாழ்க்கைப்பட்டவள். அந்த ஊர்த் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவரின் மகளை அவன் கட்டிக்கொண்டான். பெண்ணின் அப்பா முதல்முறை வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு அறைப் படத்தைப் பார்த்து, யார் என்று கேட்டாராம். பாட்டி என்றானாம் பியேர். அப்படியா என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட உட்கார்ந்தாராம்.